கழுத்துவரை நிறைந்த கேன்

போன மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரைக்காரிக்கு இது வழக்கம்தான். மாலையில் போய்த் தாளை வாங்கிப் பார்த்தால், கிரியேட்டினின் என்ற வரிக்குக் கீழே நான் கேட்காத இன்னொரு வரி இருந்தது. என் சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன என்று சொல்லும் எண். நான் சிறுநீரே கொடுக்கவில்லையே, இது எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்த லேப் டெக்னீசியன் பெண்ணைக் கேட்டேன்.

"அது தானா வரும் மேடம். வயசும், ஆணா பொண்ணான்னும் போட்டா கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுடும்."

எடை வேண்டாமா என்றேன். எடை எதற்கு என்று அவள் திருப்பிக் கேட்டாள்.  அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, உங்கள் எண்ணைப் பார்த்து வந்த மலைப்பு என்று சொன்னேன். பிறகு அவள் கேட்கக் கேட்க உத்திரமேரூர்க் கதையைச் சொன்னேன். இதை எழுதி வையுங்கள் என்று அவள்தான் சொன்னாள். எழுதுகிறேன்.

நான் எஸ்தர். மதராஸில் ஓராண்டு லேப் பயிற்சி முடித்து, எழுபதுகளின் நடுவில் உத்திரமேரூரில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசி குத்தவும், கண்ணாடிச் சாமான்களை உடைக்காமல் கழுவவும், உடைத்தால் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் இங்கே வந்து கற்றதுதான்.

எங்கள் லேப் ஓர் ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், சோதனைக் குழாயில் இருக்கும் திரவத்தின் நிறத்தை அளக்கும் ஒரு கலரிமீட்டர். மின்சாரம் ஏறி இறங்கினால் அதன் முள் பேய் பிடித்த மாதிரி ஆடும். ஊரில் பம்புசெட் ஓடாத நேரமாகப் பார்த்துத்தான் கிரியேட்டினின் போடுவேன்.

அந்தப் பரிசோதனை எனக்கு உயிர். ரத்தத்தைத் தெளியவைத்துப் புரதத்தைத் திரித்து வடிகட்டினால் தண்ணீர் போல ஒரு திரவம் வரும். அதில் பிக்ரிக் அமிலம் சேர்க்கவேண்டும். நல்ல மஞ்சள் நிறம், விரலில் பட்டால் ஒரு வாரம் போகாது. ஈரமாகவே வைத்திருக்கவேண்டும், காய்ந்தால் வெடித்துவிடும். அப்புறம் காஸ்டிக் சோடா சில சொட்டு. பார்த்துக்கொண்டே இருந்தால் மஞ்சள் மெல்லமெல்ல ஆரஞ்சாகும். சிறுநீரகம் கழிக்காமல் விட்ட கழிவு எவ்வளவோ அவ்வளவு சிவப்பு ஏறும். உள்ளே, யாரும் பார்க்க முடியாத இடத்தில் நடக்கும் ஒரு காரியம் என் கைக்குழாயில் நிறமாக வந்து நிற்கும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அது பழகவே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குப் புது டாக்டர் வந்தார். வைகுண்டம் என்று பெயர். மதராஸில் பெரிய படிப்பு முடித்தவர், என்னைவிட வயதில் சின்னவர். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நோயாளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், இவர் எதிரில் நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல் கேட்டுக்கொண்டிருப்பார். கூலிக்காரரோ நிலக்காரரோ, எல்லோருக்கும் வாங்க, போங்கதான். எந்த முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யாரோடது?" பெயரைச் சொன்னால் போதாது. என்ன வயது, என்ன வேலை, என்ன எடை, எல்லாம் சொல்லவேண்டும். எண்ணை அதற்குப் பிறகுதான் பார்ப்பார்.

எடைதான் பெரிய ரகளை. ஆஸ்பத்திரி எடை மெஷின் துருப்பிடித்துக் கிடந்தது. டாக்டர் தயங்கவே இல்லை. எதிரில் இருந்த ரைஸ்மில்லில் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் நோயாளிகளை ஏற்றச் சொல்லிவிட்டார். நம் ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. மனுஷனை நிறுத்தால் கண் படும் என்றார்கள். இன்னா துலாபாரமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. எடைக்கல் டாக்டர் என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது. அவர் காதுக்கும் அது எட்டியது. சிரித்துக்கொண்டார், நிறுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அப்படி ஒரு நாள் தராசில் ஏறியவள் மாகறல் கிராமத்து முனியம்மா. நடவு வேலைக்காரி, ஐம்பத்தைந்து வயது இருக்கலாம் என்று அவள் கணவர் ஏகாம்பரம் சொன்னார். அவரும் கூலி வேலைதான். முள் முப்பத்து நான்கு கிலோவில் நின்றது. அரை மூட்டைகூடத் தேறலையே என்று மில் ஆள் சொல்ல, முனியம்மாவே முதலில் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

நுரையீரலில் காசநோய். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தது. அந்த நாளில் அதற்குத் தினசரி ஊசிதான் முதல் வைத்தியம். ஆனால் அந்த ஊசி மருந்து சிறுநீரகம் வழியாக மட்டுமே உடம்பை விட்டு வெளியேறும். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்குப் போட்டால் மருந்து உள்ளேயே தேங்கிக் காதைச் செவிடாக்கிவிடும். மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் தின்றுவிடும். முனியம்மாவுக்கோ கொஞ்ச நாளாகக் காலையில் முகம் வீங்குகிறது, ரத்தக் கொதிப்பும் ஏறியிருக்கிறது. நடவு முடிந்து வந்தால் இடுப்பு வலிக்கு என்று பெட்டிக்கடை மாத்திரையைப் பல வருஷமாக விழுங்கியவள். ஊசி போடாவிட்டால் காசநோய் கொல்லும், போட்டால் வேறு ஒன்று கொல்லும் என்ற நிலை. எது என்று சொல்லவேண்டியது என் அறை.

ரத்தத்தில் கிரியேட்டினின் ஒன்றரை வந்தது. அன்றைக்கு எங்கள் கணக்கில் அது சரியான அளவின் மேல் வரம்பு, தாண்டவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டருக்கு இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்த புதுக் கணக்கு, கையால் எழுதிவைத்திருந்தார். வயது, எடை, ரத்தக் கிரியேட்டினின், ஆணா பெண்ணா. இந்த நான்கையும் வைத்துச் சிறுநீரகத்தின் திறனை ஊகித்துவிடலாமாம். நல்ல உடம்புக்கு நிமிடத்துக்கு நூறு மில்லி சுத்தமாகும் என்றால் முனியம்மாவுக்கு இருபத்து மூன்றுதான் என்றது அந்தச் சீட்டு. அதாவது முக்கால்வாசி போய்விட்டது.

எனக்குக் கோபமே வந்தது. ரத்தம் சரியாக இருக்கிறது என்று என் குழாய் சொல்கிறது, எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரர்களை வைத்துப் போட்ட கணக்கு மாகறல் முனியம்மாவைப் பற்றி என்ன சொல்லிவிடும் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நியாயமான கேள்வி, அளந்தே பார்த்துவிடலாம் என்றார்.

அளப்பது என்றால், ஒரு முழு நாள் போகும் சிறுநீர் அனைத்தையும் சேர்ப்பது. வெள்ளை நிற மூன்று லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் கெடாமலிருக்க மருந்து சில சொட்டு விட்டு ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தேன். காலையில் முதலில் போவதைக் கீழே விட்டுவிடவேண்டும், அதற்குப் பிறகு மறுநாள் காலை முதலில் போவதுவரை ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது, எல்லாம் இந்தக் கேனுக்குள் என்று சொன்னேன். அவரையே திருப்பிச் சொல்லவும் வைத்தேன். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

மறுநாள் காலை இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கேன் துணியில் சுற்றி இடுப்பில் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். கழுத்துவரை இருந்தது. இவ்வளவு ஒழுங்காகச் சேர்த்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. வாய்விட்டுப் பாராட்டினேன். ஏகாம்பரத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

சிறுநீரில் கிரியேட்டினின் மிக அடர்த்தியாக இருக்கும், நூறு மடங்கு தண்ணீர் கலந்துதான் பார்க்கமுடியும். நிறம் வந்தது, முள் நின்றது, கணக்குப் போட்டேன். எழுபத்தெட்டு. மறுபடி போட்டேன். எழுபத்தெட்டுதான், ஊசி தாராளமாகப் போடலாம். ஓட்டமாகப் போய் டாக்டரிடம் சொன்னேன். ஊசியைத் தண்ணீரில் கொதிக்கவைக்கச் சொல்லிவிட்டு அவர் தாளை வாங்கினார். முனியம்மா புடவைத் தலைப்பை ஒதுக்கிப் புஜத்தைக் காட்டியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை எலும்பும் தோலுமாக இருந்தது.

டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"யாரோடது?" என்றார்.

முனியம்மாவோடதுதான் சார் என்றேன்.

"இல்லை எஸ்தரம்மா. இதுல ரெண்டு பேர் இருக்காங்க."

அடுப்பில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவர் சொன்னது புரியவே இல்லை. அவர் நிதானமாகச் சொன்னார். கிரியேட்டினின் என்பது தசை தினமும் கழிக்கிற கழிவு. சாப்பாட்டாலும் தண்ணீராலும் அது அவ்வளவாக மாறாது. உடம்பில் சதை எவ்வளவோ, ஒரு நாளைக்கு அது வெளியேறுவதும் அவ்வளவுதான். ஒல்லியான ஒரு கிழவிக்கு அரை கிராம் வரலாம். இந்தக் கேனில் இருப்பதோ அதைப்போல மூன்று பங்குக்கும் மேல். இவ்வளவு வரவேண்டுமானால் இவள் பயில்வானாக இருக்கவேண்டும். அவளது அரை கிராம் போக மிச்சம் ஒரு கிராமுக்கு மேல் இருக்கிறது, அது நல்ல உழைப்பாளி ஒருவருடையது, ஆண், ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருப்பார் என்றார். சொல்லிக்கொண்டே ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்றைக்கு இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. நான் முகர்ந்தும் பார்த்தும் கலந்தும் அளந்தும் கண்டுபிடிக்காத ஒன்றை, மூடிய கேனுக்குள் ஓர் ஆள் நிற்பதை, அந்த மனிதர் ஓர் எண்ணிலிருந்து எடை உட்பட எடுத்துவிட்டார். சாமி வந்து சொல்லியிருந்தால்கூட நான் இப்படி வியந்திருக்கமாட்டேன். அவர் சொன்னது வெறும் கூட்டல் கழித்தல். உடம்பு பொய் சொல்லாது, தன் கணக்கைத் தானே கேனுக்குள் போட்டு அனுப்பியிருக்கிறது.

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். டாக்டர் அவரிடம் அதட்டாமல்தான் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவளுக்குக் கொஞ்சமாத்தான் வந்துதுங்க. பாதிகூட ரொம்பல. அடுத்தவங்க வூட்டு ஏனத்தக் கொறையா இன்னான்னு திருப்பிக் குடுக்கறது? அதுவும் இல்லாம, கொறையா கீதுன்னு பாத்தா கிட்னி வேலை செய்யலன்னு வைத்தியம் பண்ணாம உட்டுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சி. என்னுது நல்லாத்தானே கீது. அதான் சேத்து உட்டேன்."

முனியம்மாவுக்கு இது தெரியாது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா வெட்கமா என்று சொல்லமுடியாத ஒரு பார்வை.  நம் பக்கத்தில் யார் வீட்டிலிருந்தாவது ஒரு பாத்திரம் வந்தால் வெறுமையாகவோ அரைகுறையாகவோ திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி அரிசியோ, நான்கு கத்தரிக்காயோ போட்டுத்தான் தருவார்கள். நானும் அதே வழக்கத்தில் வளர்ந்தவள்தான். ஆனாலும் பன்னிப்பன்னி விதி சொல்லிக்கொடுத்தபோது, நிறைக்கவேண்டியதில்லை என்ற ஒரே ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

டாக்டர் அடுப்பை அணைக்கச் சொன்னார். ஊசி வேண்டாம் என்றார்.

மறுபடியும் சேர்க்கவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் சுலபம், நடவு நேரத்தில் படுக்கமாட்டேன் என்று முனியம்மா ஒரே பிடியாக நின்றாள். எனவே ஏகாம்பரம் அன்று கூலிக்குப் போகாமல் கேனைத் தூக்கிக்கொண்டு வரப்போரம் அவள் பின்னாலேயே நாள் முழுக்கச் சுற்றினாராம். நடவுப் பெண்கள் சும்மா விடுவார்களா? முனியம்மாவே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள், "இன்னாடி, உன் வூட்டுக்காரரு கள்ளு எறக்க வந்தாப்பல சுத்திகினு கீறாருன்னு கேக்கறாளுங்க." இந்த முறை கேன் பாதிக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஏகாம்பரம் அதைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அரைகுறையாகக் கொடுக்க அவருக்கு அவ்வளவு கூச்சம்.

அளந்தேன். இருபத்து நான்கு வந்தது. வெள்ளைக்காரர் கணக்குச் சீட்டு இருபத்து மூன்று என்று சொல்லியிருந்தது.

நான் அந்தச் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாகறலை வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஒருவர் எழுதிய நான்கு சொல் கணக்கு. ரைஸ்மில் தராசில் நின்ற முப்பத்து நான்கு கிலோவை அதில் போட்டால் முனியம்மாவின் இடுப்புக்குள் நடப்பது வருகிறது. ரத்தத்தில் ஒன்றரை என்பது பயில்வானுக்கு நல்ல சேதியாக இருக்கலாம். இவளுக்கு அதுவே எச்சரிக்கை, ஏனென்றால் கழிவை உண்டாக்கவே இவளிடம் சதை இல்லை. யாரோடது என்று அவர் ஏன் முதலில் கேட்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, தான் நின்றபடி, மறைக்காமல் சொன்னார். ஊசி இல்லாமல் மாத்திரைகளை வைத்தே காசநோயைப் பார்த்துக்கொள்ளலாம், நாள் பிடிக்கும், ஆனால் குணமாகும். சிறுநீரகத்தில் கால்வாசிதான் மிச்சம், போனது திரும்பாது. கடை மாத்திரையை விட்டு, உப்பைக் குறைத்து, கொதிப்பைக் கட்டுக்குள் வைத்தால் மிச்சத்தைக் கொஞ்ச வருஷம் இழுத்துப்பிடிக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ஏகாம்பரம் ஒரு கேள்வி கேட்டார்.

"கேனுல ரெண்டும் சேந்துகிச்சி இல்லீங்களா? அதே மாதிரி என் கிட்னியில ஒண்ண எடுத்து அவளுக்கு வச்சா சேராதா?"

டாக்டர் அன்று பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து ஏகாம்பரத்தின் தோளில் வைத்தார். அப்படியெல்லாம் வைக்கிற வைத்தியம் வந்திருக்கிறது, பெரிய ஊர்களில் செய்கிறார்கள், ஆனால் கூடப்பிறந்தவர்களுடையது, பெற்றவர்களுடையது என்றால்தான் இப்போதைக்குச் சேர்கிறது, உங்களுடையது சேராது என்றார். என்னுது சேராதா என்று ஏகாம்பரம் மெல்லக் கேட்டார். அவர் கேட்டது முனியம்மாவையா டாக்டரையா என்று தெரியவில்லை. நான் லேப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

காசநோய் குணமானது. காதும் கடைசிவரை நன்றாகக் கேட்டது. நான் லேப்புக்குள்ளிருந்து யாரிடமாவது முணுமுணுத்தால்கூட வெளி பெஞ்சிலிருந்து முனியம்மா பதில் சொல்வாள். அந்தக் கேனை அவர்களிடமே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாதிக்கும் கீழாக அதை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் சீட்டைப் பார்த்து முதலில் ஓர் எண்ணைச் சொல்வார், பிறகு நான் அளப்பேன். இரண்டும் ஒட்டிஒட்டியே இறங்கின. இருபது, பதினேழு, பதினான்கு. முன்கூட்டித் தெரிந்தும் எங்களால் ஒன்றும் செய்யமுடியவில்லை என்று நான் ஒருமுறை கசப்பாகச் சொன்னேன். தெரிந்ததால்தான் இத்தனை வருஷம் என்றார் டாக்டர். உண்மைதான். அன்று கொதித்துக்கொண்டிருந்த ஊசியைப் போட்டிருந்தால் அடுத்த நடவை அவள் பார்த்திருக்கமாட்டாள்.

எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாதம் கழிந்து, ஏகாம்பரம் தனியாக வந்தார். மொட்டையடித்த தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் மூச்சு வாங்கியதாம், வீட்டிலேயே போய்விட்டாளாம். கஷ்டம் இல்லாமல் போனாள் என்றார். எனக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிறகு துணியில் சுற்றிய கேனை மேசைமேல் வைத்தார். வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி அலசியதாகச் சொன்னார். கனத்தது. பிரித்தேன். உள்ளே நெல். அந்தப் போகத்தில் அவருக்குக் கூலியாகக் கிடைத்த நெல்.

"உங்க ஏனந்தாம்மா. முடிஞ்சிபோச்சி, இனிமே எங்களுக்கு வேணாம்."

டாக்டர் உள்ளே வந்து, நின்று, அந்தக் கேனைப் பார்த்தார். இந்த முறை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அந்த நெல்லைப் பிறகு குத்தி நானும் அவரும் பங்கிட்டுக்கொண்டோம். மூத்திரக் கேன் என்று எங்கள் இருவருக்கும் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அன்று ஏகாம்பரம் போனதும் கேனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கழுத்துவரை இருந்தது.